மூன்றை அழுத்தினால் வரும் அக்கா

பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனைப் பாதியில் விட்டுவிட்டு, "எந்தப் பொறாமை? ஒண்ணா ரெண்டா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் எங்கள் குழாயைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இது அந்த மாதிரிச் சில்லறைப் பொறாமை இல்லை. இது ஒருத்தியின் வேலையைத் தின்றது. கடைசியில் என்னையும் விடவில்லை.

மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அதில் பதின்மூன்று வருடம் நான் டெலிபோன் ஆபரேட்டர். வீடு தாராவி. லேபர் கேம்ப் வழியாக நடந்தே போய்விடுவேன். ஆபரேட்டர் அறை என்று பெயர்தான், வெளிநோயாளிகள் சீட்டு வாங்கும் ஓ.பி.டி. கவுண்டருக்கு எதிரே, வராந்தாவில் கண்ணாடி வைத்து மறைத்த ஒரு மூலை. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு போர்டு. வெளியிலிருந்து எட்டு லைன், எட்டுக்கும் எட்டு சிவப்பு விளக்கு. காலை ஒன்பது மணிக்கு எட்டும் சேர்ந்து மினுக்கும். ஒன்றை எடுத்து, "ஆஸ்பத்திரி, சொல்லுங்க" என்பேன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததை எடுத்து, "லைன்ல இருங்க" என்பேன். ஒரே நேரத்தில் நாலு பேரைச் சமாளிப்பேன். யாரையும் நாலு வார்த்தைக்கு மேல் பேச விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இன்னொரு நாற்காலிக்காரி எனக்கு ஐந்து வருடம் பிந்தி வந்தவள். வயதிலும் மூன்று குறைவு. பூர்வீகம் பாலக்காடு, மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. என்னை அக்கா என்பாள், நான் அவளை நீ என்பேன். ஃபோனை எடுத்தால் அவள் முதலில் எதுவும் பேசமாட்டாள். எதிர்ப்பக்கம் ஒருவர் மூச்சு விடுவது கேட்ட பிறகுதான், "வணக்கம், உங்களுக்கு என்ன வேணும்?" என்பாள். கேட்டுவிட்டு நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் சீத்தா கேம்ப்பிலிருந்து பேசுகிறவர் தன் மூட்டுவலியை முதல் நாளிலிருந்து தொடங்கிச் சொல்வார். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குள் மற்ற ஏழு விளக்கையும் நான் அணைத்திருப்பேன். ஆனால் நேரில் வருகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "ஃபோன்ல தங்கமாப் பேசுவாகளே, அந்தக்கா எந்தக்கா?" என்றுதான் கேட்பார்கள். இவள்தான் என்று கையைக் காட்டிவிட்டு நான் அடுத்த லைனை எடுப்பேன். எடுக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ஓங்கி எடுப்பேன்.

ஒரு நாள் நிர்வாக அதிகாரி வந்து, இந்த எட்டு லைனும் போகப்போகிறது என்றார். மராத்திக்காரர், நல்ல மனுஷன். தமிழில் அவருக்குத் தெரிந்தது இட்லியும் சாம்பாரும்தான். எட்டு லைனுக்குப் பதிலாக ஒரே ஒரு டிஜிட்டல் லைன் வருமாம். அதில் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாமாம். அந்த லைன் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும், கம்ப்யூட்டரே ஃபோனை எடுத்துப் பேசும் என்றார். சொல்லிவிட்டு எங்கள் இரண்டு நாற்காலிகளையும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் இரண்டு பேருக்குமே புரிந்தது. கம்ப்யூட்டர் எடுக்கும் என்றால் இரண்டு நாற்காலி எதற்கு?

அதை மாட்ட வந்த இன்ஜினியர் செம்பூர்க்காரர், தமிழர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுவார். கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சை அட்டையைச் செருகினார். அதுதான் கார்டு. டெலிபோன் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இந்தக் கார்டுக்கு வந்தது. ஒயர் என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. முப்பது பேர் பேச்சு இதில் எப்படிப் போகும் என்று கேட்டேன். "பேச்சு போகாது மேடம், நம்பராத்தான் போகும். அந்தப் பக்கம் போய் மறுபடி பேச்சாயிடும்" என்றார். நான் தலையாட்டி வைத்தேன்.

கார்டின் முதுகில் ஒரு விளக்கு இருந்தது. பச்சையானால் லைன் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் இல்லை. இரண்டு நாள் அது சிவப்பாகவே இருந்தது. மூன்றாம் நாள் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் நான்தான் நேரம் சொல்லுவேன்னு பிடிச்சிட்டு நிக்குது மேடம். எக்ஸ்சேஞ்ச் சொல்ற நேரத்தைத்தான் நம்ம கார்டு கேட்டுக்கணும்" என்று எதையோ மாற்றினார். விளக்கு பச்சையானது. "எங்காத்துல இத்தனை வருஷமா சிவப்புதான். மாமியாருக்கும் எனக்கும் இப்படி யாராவது மாத்திவிட்டா தேவலை" என்றாள் அவள். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

பிறகுதான் முக்கியமான விஷயம் வந்தது. கம்ப்யூட்டர் பேசவேண்டும் என்றால் அதற்கு ஒரு குரல் வேண்டும். இந்திக்கும் மராத்திக்கும் ரிசப்ஷனில் இருந்த பெண்ணைப் பேசச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வரும் ஃபோனில் பாதி தாராவி, வடாலா, சீத்தா கேம்ப், செம்பூர் என்று தமிழாள்கள்தான். ஆகவே தமிழும் வேண்டும். தமிழுக்கு நாங்கள் இரண்டு பேர்.

அந்த ராத்திரி நான் வீட்டில் ஒரு கணக்குப் போட்டேன். மிஷினில் யார் குரல் இருக்கிறதோ அவள்தான் ஆஸ்பத்திரியின் குரல். ஆஸ்பத்திரியின் குரலை யாராவது வேலையை விட்டு அனுப்புவார்களா? மாட்டார்கள். அப்படியென்றால் அந்தக் குரல் என்னுடையதாக இருக்கவேண்டும். வீட்டுக்காரரை உட்காரவைத்து அவர் முன்னால் நாலு தடவை பேசிக்காட்டினேன். "வெரசாப் பேசுத. கொஞ்சம் நிறுத்திப் பேசு" என்றார். "ஒமக்கு என்னய்யா தெரியும்?" என்று வாயை அடைத்தேன்.

எக்ஸ்ரே ஃபிலிம்கள் அடுக்கி வைத்திருந்த அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தொங்கவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி, ஒரு எழுத்து பிசகாமல் பேசினேன். அவள், "யார்கிட்ட பேசறதா நெனச்சுக்கணும் சார்?" என்று கேட்டாள். "எப்பவும் பேசற மாதிரி பேசுங்க மேடம்" என்றார் இன்ஜினியர். அவள் மைக்கின் முன்னால், யாரோ மூச்சு விடுவதைக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சும்மா இருந்தாள். அப்புறம், "வணக்கம், உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். மறுபடி சும்மா இருந்தாள். அதற்குப் பிறகுதான், ஓ.பி.டி.க்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு இரண்டு என்று அழுத்தவேண்டிய எண்களைச் சொன்னாள்.

நிர்வாக அதிகாரி இரண்டையும் கேட்டார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. அவளுடையது ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, "யே வாலா" என்றார், இதுதான் என்று. முடிந்தது. ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டவள்மேல் எனக்கு அந்த நிமிடம் வந்தது வருத்தம் இல்லை, எரிச்சலும் இல்லை, சுத்தமான பொறாமை. தமிழ் தெரியாத ஆள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறான் பார் என்று ஒரு வாரம் வீட்டில் எல்லாரையும் திட்டினேன்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. ஃபோன் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் எடுத்துவிடும். முதலில் மராத்தி, பிறகு இந்தி, கடைசியில் தமிழுக்கு மூன்றை அழுத்தவும் என்று வரும். எங்கள் ஜனங்கள் அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டார்கள் என்றால், அவர்களுக்குப் புரிந்த விதத்தில். மூன்றை அழுத்தினால் தமிழ் அக்கா வருவாள். அழுத்தினார்கள், அக்கா வந்தாள். வணக்கம் சொன்னாள். உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் அவர்கள் எதற்கு எண்ணை அழுத்துகிறார்கள்? பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் நடுவில் ஓ.பி.டி.க்கு ஒன்று என்று சொல்வதெல்லாம் அவர்கள் காதில் விழவே இல்லை. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லும். அதற்கும் அழுத்தாவிட்டால் ஆபரேட்டருக்கு அனுப்பும். ஒரு ஃபோன் எனக்கு, அடுத்தது அவளுக்கு என்று இன்ஜினியர் மாற்றி மாற்றி வைத்திருந்தார்.

ஆக, அவளுடைய குரலிடம் முழுக்கதையும் சொல்லி முடித்தவர்கள் என்னிடம் வந்து விழுந்தார்கள்.

"ஆஸ்பத்திரி, சொல்லுங்க."

"நீங்க யாரு எடையில? அந்தக்காட்ட எல்லாஞ் சொல்லிட்டேனே."

"எந்த அக்கா?"

"இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தாக. பொறுமையாக் கேட்டாக. ரெண்டு வாட்டி வேற கேட்டாக, என்ன வேணும் என்ன வேணும்னு. அவுககிட்டயே குடுங்க."

"அது மிஷின்மா. பேசுறது கம்ப்யூட்டர்."

"சும்மா இருங்கக்கா. மிஷினு வணக்கம் சொல்லுமா?"

ஒரு நாளைக்கு ஒன்று என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே. பக்கத்து நாற்காலியிலோ அவள் ஃபோனை எடுத்து வாயைத் திறந்ததும், "ஆங், வந்துட்டீகளா, எங்க விட்டேன்?" என்று அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அவளும் தொடர்வாள். மிஷினுக்கும் அவளுக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு சின்ன இடைவெளிகூடத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் ஒருவராவது என்னிடம் எங்க விட்டேன் என்று கேட்டதுண்டா? நான் தொடங்க விட்டால்தானே.

அந்தச் சமயம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை, ஃபேனுக்கு நேர் கீழே தூங்கியிருப்பாள். இன்ஜினியர் ஏதோ சரிபார்க்க வந்திருந்தார். நான் அவரை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பாவம், அவளுக்குத் தொண்டை சரியில்ல. எல்லா ஃபோனும் முதல்ல எனக்கே வர்ற மாதிரி பண்ணிடுங்க. நான் எடுக்க முடியலேன்னா மட்டும் அவளுக்குப் போகட்டும்" என்றேன்.

ஃபோனில் வருகிறவர்கள் அவளிடம் போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. அவர்கள் தேடுகிற அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியவே கூடாது. இன்ஜினியர் கம்ப்யூட்டரில் இரண்டு வரி மாற்றினார். "பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, போகிறபோக்கில் அதை அவளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் மொளகூட்டல் கொண்டுவந்தாள். "எனக்காகக் கேட்டேளாமே அக்கா. இன்ஜினியர் சொன்னார். நேக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

தொண்டை மூன்று நாளில் சரியாகிவிட்டது. இன்ஜினியரிடம் பழையபடி மாற்றச் சொல்லவேண்டியது நான்தான். சொல்லவில்லை. என் வேகம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஃபோனை நான் நாலு வார்த்தையில் முடித்துவிடுவேன். ஆகவே அவள் பக்கம் எதுவும் போகவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்தாள். டாக்டர்கள் வரும் நேரத்தை அழகாக எழுதி ஒட்டினாள். எனக்கு டீ வாங்கி வந்து வைத்தாள். "எனக்கும் ரெண்டு குடுங்கோளேன் அக்கா, உக்காந்து உக்காந்து போரடிக்கறது" என்று ஒரு நாள் கேட்டாள். "தானா வருது, நான் என்ன பண்ண?" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஃபோனை எடுப்பதோடு நிற்கவில்லை. எந்த ஃபோன் யாருக்குப் போனது, யார் எடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியும் வைத்தது. பழைய போர்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. மாதம் முடிந்ததும் ஒரு தாள் அச்சாகி நிர்வாக அதிகாரியின் மேசைக்குப் போனது. அதில் என் பெயருக்குக் கீழே மேலிருந்து அடிவரை எண்கள். அவள் பெயருக்குக் கீழே அங்கொன்று இங்கொன்று.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே, சக்கர நாற்காலிகள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். கதவு முழுசாகச் சாத்தவில்லை. அவர் அந்தத் தாளைத் திருப்பி வைத்து, "தேக்கியே மேடம், காம் ஹீ நஹீ ஹை ஆப்கே பாஸ்" என்றார், உங்களிடம் வேலையே இல்லையே என்று. குரலில் கோபமே இல்லை, சங்கடம்தான் இருந்தது. அவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. நான் அவள்மேல் கரிசனப்பட்டதாகத்தானே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சார், நான்தான் எல்லாத்தையும் என் பக்கம் திருப்பிவிடச் சொன்னேன். இந்தியில் அது எட்டு வார்த்தை வருமா? கதவில் கைகூட வைத்தேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, அவள் இருந்தால் நான் போகவேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் வேலை வேண்டும். அதோடு, உண்மையைச் சொல்லவேண்டும், அந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே அத்தனை எண்கள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அவள் போனாள். டிராயரில் இருந்த குங்குமச் சிமிழ், முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் அவள் சாமான். நான் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "சீக்கிரமா வேற இடம் கெடச்சிரும்" என்றேன்.

"கிடைக்கட்டும் அக்கா. என் குரல் இங்கதானே இருக்கு, நீங்கோ தனியா இருக்கேன்னு நெனைக்காதேங்கோ" என்றாள். குத்திக்காட்டினாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அவள் போனபிறகாவது எரிச்சல் தீரும் என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது? ஆள்தான் போனாள். மூன்றை அழுத்தினால் அவள்தான் வந்தாள். அவளிடம் கதை சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். என் மேசையில் அடித்த ஒவ்வொரு ஃபோனும் அவள் அனுப்பிவைத்தது. "அந்தக்கா நல்லாருக்காகளா?" என்று விசாரித்தார்கள். "இருக்கா, இருக்கா" என்றேன். ஒருவர் ஆடிப்பூரத்துக்கு அந்த அக்காவுக்கு வளையல் கொடுத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. அவள் முலுண்டில் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்பாடா என்றிருந்தது. ஒரு நாள் பேசவேண்டும் என்று நினைத்தேன். பேசவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு மாடி எழுப்பினார்கள். டயாலிசிஸ், கண் என்று புதுசாக இரண்டு பிரிவு வந்தது. அழுத்தவேண்டிய எண்களெல்லாம் மாறின. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, தமிழில் எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்யவேண்டும், இப்போது நீங்கள்தானே இருக்கிறீர்கள் என்றார். இத்தனை வருடம் எதற்காக எரிந்தேனோ அது என் கையில் வந்து விழுந்தது. கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். குரலுக்குப் புடவை தெரியாது என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

அதே எக்ஸ்ரே அறை, அதே போர்வை. நான் பிசிறில்லாமல் பேசினேன். "வணக்கம். ஓ.பி.டி.க்கு ஒன்று. ரிப்போர்ட்டுக்கு இரண்டு. டயாலிசிஸுக்கு மூன்று." நடுவில் ஒரு இம்மி இடைவெளி கிடையாது. உங்களுக்கு என்ன வேணும் என்ற வரியை நானே வெட்டினேன். அதைக் கேட்டுத்தானே அவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள்? இன்ஜினியர் ஒரே தடவையில் ஓகே என்றார். "இதுதான் மேடம் கரெக்டு. கம்ப்யூட்டருக்கு இப்படித்தான் பேசணும்" என்றார். பழைய பதிவை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா என்று கேட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "அழிச்சிடுங்க. எதுக்கு ரெண்டு?" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபோன் அடிக்கவில்லை. லைனில் ஏதோ கோளாறு என்று எழுந்துபோய்க் கார்டைப் பார்த்தேன். விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக ஃபோன்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பத்து, பதினைந்து என்று வந்தன. எல்லாரும் மூன்றை அழுத்தினார்கள், என் குரலைக் கேட்டார்கள், நான் சொன்னபடி ஒன்றையோ இரண்டையோ அழுத்திப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. ஒருவர்கூட ஆபரேட்டருக்கு வரவில்லை. வாரம் முழுக்க அப்படியே போனது. கண்ணாடியைத் துடைத்தேன். டாக்டர்கள் வரும் நேரம் ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்து இருந்தது. ஒரு மூலை பிரிந்திருந்ததைத் திரும்ப ஒட்டினேன்.

இரண்டாவது வாரத்தில் தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள், சர்க்கரை வியாதிக்காரி. ஃபோனில் என்னோடு பல தடவை சண்டை போட்டவள்தான். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தக்கா இல்லையா?"

"எந்த அக்கா?"

"ஃபோன எடுத்ததும் வணக்கம் சொல்லிக் கேப்பாகளே, அவுக."

"அவங்க போயி ரெண்டு வருசம் ஆச்சும்மா."

"யாருட்ட காது குத்துத? போன மாசங்கூடப் பேசுனேன். எம்மவனுக்கு வேல கெடச்சதச் சொன்னேன் அவுககிட்ட" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "இப்ப மிஷினப் போட்டுட்டானுவ. வெடுக்வெடுக்குனு நம்பரச் சொல்லுது. அதுட்ட என்னத்தப் பேச?" என்றாள்.

அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓ.பி.டி.க்குச் சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்டாள். எதிரே கையைக் காட்டினேன்.

அவள் போனதும் இன்ஜினியருக்குப் பேசினேன். பழைய பதிவு எங்கேயாவது ஒரு மூலையில் மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். "நீங்கதானே மேடம் அழிக்கச் சொன்னீங்க" என்றார். மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. எட்டு நாள் கழித்து ஒரு தாள் அச்சாகும். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அதற்குக் கீழே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிர்வாக அதிகாரி அன்றைக்கு மாதிரியே அதைத் திருப்பி வைத்து, சங்கடத்தோடு, அதே வார்த்தைகளைச் சொல்வார் என்றும் தெரியும். அப்படித்தான் நடந்தது.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த நாள் இல்லை, அந்த அம்மாள் வந்துபோன இந்த நாள்தான். என் மொபைலை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டேன். மணி அடிக்கவில்லை, கம்ப்யூட்டர் எடுத்தது. மராத்தி வந்தது, இந்தி வந்தது. மூன்றை அழுத்தினேன். என் குரல் வந்து வணக்கம் சொன்னது. இதனிடம் ஏதாவது பேசவேண்டும், பேசிக்கொண்டே இருந்தால் ஆபரேட்டருக்கு, எனக்கு, ஒரு ஃபோனாவது வரும் என்று வாயைத் திறந்தேன். எனக்கே அதனிடம் பேசத் தோன்றவில்லை. ஓ.பி.டி.க்கு ஒன்று என்றது. ஒன்றை அழுத்தினேன். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் கவுண்டரில் ஃபோன் அடித்தது.